இரண்டு அணி, ஒரே கை

பேர்லேண்ட், டெக்சஸ்
25 ஆகஸ்ட் 2024

லீலா,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று பேஸ்பால் மேட்சில் எதிரணிப் பையன் ஒருவன் பந்தை வேலி தாண்டி, கார் நிறுத்துகிற இடம் வரைக்கும் அடித்துவிட்டான். நான் என்னை அறியாமல் எழுந்து நின்று "ஷாட்!" என்று கத்திக் கை தட்டினேன். நாகர்கோவிலில் இருபது வருஷம் கிரிக்கெட் பார்த்த கை, அதற்கு என்ன தெரியும்? தட்டி முடித்த பிறகுதான் அந்தப் பந்தைப் போட்டது நம் ஜெஃப்ரின் என்று உறைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா அடித்தவனைக் காட்டி "யுவர் சன்?" என்று கேட்டாள். "நோ, தி அதர் ஒன்" என்றேன். அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

காரில் வரும்போது ஜெஃப்ரின் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "அப்பா, ப்ளீஸ், நெக்ஸ்ட் டைம் ஜஸ்ட் சிட்."

நீ கேட்டபடி காகிதத்தில் எழுதுகிறேன். போனில் பேசினால் சண்டை, வாட்ஸ்அப்பில் எழுதினால் வீட்டு ஐபேடில் அவன் கண்ணில் படும், அதுவே இங்கிலீஷில் மாற்றியும் கொடுத்துவிடும். தமிழ்க் கையெழுத்து என்றால் அவனுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி. டிப்ளமோவில் இரண்டு அரியர் வைத்தவன் கையெழுத்து உனக்கும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

எண்ணிக்கை: நேற்று அறுபத்தொன்று. பந்து எண்ணுகிற க்ளிக்கரை அணியே என்னிடம் கொடுத்துவிட்டது. மற்ற அப்பாக்களுக்கு வேலை இருக்கிறது, பள்ளி பஸ் ஓட்டுகிறவனுக்குச் சனிக்கிழமை ஏது பஸ்? இந்த வயதில் ஒரு நாளைக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் போடக் கூடாது என்பதை நான் மறக்கவில்லை. நீ நியூ ஜெர்சிக்கு விமானம் ஏறும்போது மூன்று தடவை சொன்னாய்.

வேகம் எண்பத்து நாலு மைல். பதினைந்து வயசு, லீலா! வேலிக்குப் பின்னால் பச்சைத் தொப்பி போட்ட வேறொரு அணிக் கோச் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ரூஃபஸ்


பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
1 செப்டம்பர்

அத்தான்,

கடிதம் வந்தது. சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் தெரிந்தது, அறுபத்தொன்று என்ற எண்ணைத் தவிர அதில் அவன் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. போனிலும் இதைத்தான் செய்வீர்கள். என்னைச் சிரிக்க வைத்துவிட்டுத் தப்பித்துவிடுவீர்கள். எழுதச் சொன்னதே அதற்காகத்தான்.

ஒரு விஷயம் சொல்கிறேன், வார்டில் பார்த்த அனுபவத்தில். வலிக்கிறதா என்று அவனிடம் கேட்காதீர்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வான். கேட்காமல் பாருங்கள். காலையில் எந்தக் கையால் பல் தேய்க்கிறான், மேல் அலமாரியிலிருந்து எதையாவது எடுக்கும்போது எந்தக் கை போகிறது. வலது கைக்காரன் இடது கையை நீட்டினால் அன்றோடு நிறுத்த வேண்டும்.

என் கான்ட்ராக்ட் அக்டோபர் 26 வரை. நடுவில் விட முடியாது. அதுவரைக்கும் ஒரே அணி, ஒரே எண்ணிக்கை. அவ்வளவுதான் நான் கேட்பது.

லீலா


பேர்லேண்ட்
16 செப்டம்பர்

லீலா,

உட்கார்ந்துகொண்டு வாசி. நல்ல செய்திதான்.

மாத முதல் வாரம் அவனுக்கு முழங்கை உள்பக்கம் கொஞ்சம் வலி. உன்னிடம் சொல்லவில்லை, நீ அங்கே கிடந்து கலங்குவாய் என்று. எட்டாம் தேதி ஞாயிறு சாயங்காலம் தமிழ் ஃபெலோஷிப்புக்குக் கூட்டிப்போனேன். சைலஸ் பாஸ்டர் கையைப் பிடித்து ஜெபித்தார். சபையே எழுந்து நின்றது. மாதம் பிறந்ததிலிருந்தே மழை வேறு, இரண்டு வாரமாக மைதானத்தில் தண்ணீர். முந்தாநாள்தான் மேட்ச். எழுபத்திரண்டு பந்து போட்டான் லீலா, ஒரு முகச்சுளிப்பு இல்லை. எண்பத்தாறு மைல்!

நேற்று சபையில் சாட்சி சொன்னேன். எனக்கு மைக் என்றால் கால் நடுங்கும், உனக்குத் தெரியும். கல்யாணத்தில் நன்றி சொல்லப் போய் உன் பெயரையே மறந்தவன் நான். நேற்று நடுங்கவில்லை. "கையைத் தூக்க முடியாத பிள்ளைக்குக் கர்த்தர் புதுக் கை கொடுத்தார்" என்றேன். ஜெஃப்ரின் பக்கத்தில் நின்றான். பாஸ்டர் சொன்னதும் வலது கையை உயரத் தூக்கிக் காட்டினான். ஆஷ்லி அக்கா அழுதுவிட்டார்கள். வெளியே வந்ததும் நாலு பேர், "அண்ணே, பையன் பெரிய ஆளா வருவான், நீங்க ரொம்ப குடுத்து வச்சவங்க" என்றார்கள்.

என்னை அண்ணே என்று கூப்பிட்டார்கள், லீலா. இத்தனை நாள் நான் "நர்ஸ் லீலா ஹஸ்பெண்ட்".

ரூஃபஸ்


பிரிட்ஜ்வாட்டர்
23 செப்டம்பர்

அத்தான்,

சாட்சி வீடியோவைச் சபை குரூப்பில் போட்டிருக்கிறார்கள். நான்கு தடவை பார்த்தேன். நீங்கள் பேசுவதை ஒரு தடவை, அவன் முகத்தை மூன்று தடவை.

ஜெபித்ததை நான் குறை சொல்லவில்லை. நானும் ஒவ்வொரு ஷிஃப்டுக்கு முன்னாலும் ஜெபிக்கிறவள்தான். ஆனால் இரண்டு வாரம் பந்தைத் தொடாத கை யாருக்கும் கொஞ்சம் ஆறும். இனி அது திரும்ப வலித்தால் அவன் என்ன செய்வான்? யோசித்தீர்களா? "வலிக்கிறது" என்று சொன்னால் எண்பது பேர் முன்னால் அப்பா சொன்னது பொய்யாகிவிடும். பாஸ்டர் ஜெபம் பலிக்கவில்லை என்றாகும். இவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்கள். பதினைந்து வயசுப் பிள்ளை இவ்வளவையும் சுமப்பதைவிட வலியைச் சுமப்பான். பேசினது நீங்கள். மாட்டிக்கொண்டது அவன்.

எலும்பு டாக்டரிடம் அக்டோபர் 10 வியாழன், மூன்று மணிக்கு இங்கிருந்தே நேரம் வாங்கியிருக்கிறேன். கூட்டிப்போங்கள். ஜெபமும் இருக்கட்டும், எம்.ஆர்.ஐயும் இருக்கட்டும்.

இன்னொன்று. அதே குரூப்பில் யாரோ அவன் படம் போட்டிருந்தார்கள். பச்சைச் சட்டை. அவன் அணி நீலம். எத்தனை அணி, அத்தான்?

லீலா


பேர்லேண்ட்
30 செப்டம்பர்

லீலா,

பச்சை வேறு அணி. அந்தக் கோச் கைல் கேட்டார். கெஸ்ட் ப்ளேயர் என்பார்கள் இங்கே. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட மாட்டோமா, அது மாதிரி. சனிக்கிழமை நீலம். ஞாயிறு காலை பச்சை, சாயங்காலம் சபை. ஆராதனைக்கு ஒரு நாளும் தவறவில்லை.

எண்ணிக்கையில் உன்னிடம் ஒளிக்கவில்லை, பார்த்துக்கொள்.
நீலம்: 21ஆம் தேதி 88, 28ஆம் தேதி 79.
பச்சை: 22ஆம் தேதி 54, 29ஆம் தேதி 38.
ஒன்றுகூடத் தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை. நீலக் கோச்சும் சரி என்றார், பச்சைக் கோச்சும் சரி என்றார். க்ளிக்கர் என் கையில்தான் இருக்கிறது.

டாக்டர் நேரத்தை 17க்கு மாற்றிவிட்டேன். கோபப்படாதே. 13ஆம் தேதி ஞாயிறு ஒரு ஷோகேஸ், கல்லூரிக்கு ஆள் தேடுகிறவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். டாக்டர் என்றால் எதற்கும் இருக்கட்டும் என்று "ரெஸ்ட்" எழுதிவிடுவார். ஒரு வார வித்தியாசம்தானே.

உனக்கு ஒன்று சொல்லவா? இந்த ஊருக்கு உன் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். பதினாறு வருஷமாக எங்கே போனாலும் "வாட் டஸ் யுவர் ஒய்ஃப் டூ?" மைதானத்தில் மட்டும்தான் யாரும் அதைக் கேட்பதில்லை. "ஜெஃப்ஸ் டேட்!" என்று தூரத்திலிருந்தே கை தூக்குகிறார்கள். பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள்கூட இப்போது "குட் மார்னிங்" சொல்கிறார்கள். அதற்காகப் பிள்ளையை வதைக்கிறேன் என்று நினைக்காதே. அவனுக்கும் ஆசை. கேட்டால் "ஐ'ம் ஃபைன், அப்பா" என்கிறான்.

ரூஃபஸ்


பிரிட்ஜ்வாட்டர்
6 அக்டோபர்

அத்தான்,

நீங்கள் எழுதியதை நான் கூட்டினேன். 88ம் 54ம் 142. ஒரே வாரக்கடைசியில், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள். தொண்ணூற்றைந்து என்பது அணிக்குச் சொன்ன எண் இல்லை, கைக்குச் சொன்ன எண். அத்தனை போட்டால் நான்கு நாள் ஓய்வு என்றும் அதே தாளில் இருக்கிறது. நான்தான் அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். நீலக் கோச்சுக்குப் பச்சை தெரியாது. பச்சைக் கோச்சுக்கு நீலம் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்கள் அதை இரண்டு பத்தியாக எழுதி வைத்திருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை அவனோடு வீடியோவில் பேசினேன். "மேல ஷெல்ஃப்ல அம்மாவோட நீல டப்பா இருக்கா, காட்டு மக்களே" என்றேன். அப்படி ஒரு டப்பா கிடையாது. அவன் தேடினான், இடது கையால். வலது கை மேசையை விட்டு நகரவே இல்லை.

"கை எப்படிடா இருக்கு?"

"ஐ'ம் குட், அம்மா." கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "டோன்ட் டெல் அப்பா யூ ஆஸ்க்ட், ஓகே?" என்றான்.

நீங்கள் இப்போதுதான் சந்தோஷமாக இருக்கிறீர்களாம். அதைக் கெடுக்க வேண்டாமாம்.

அத்தான், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே நிறுத்துங்கள். ஷோகேஸ் அடுத்த வருஷமும் வரும்.

லீலா


பேர்லேண்ட்
24 அக்டோபர்

லீலா,

நீ லீவு எடுத்து வந்து இருந்த நான்கு நாளில் என்னோடு பேசியது, நான் எண்ணிப் பார்த்தேன், ஏழு வார்த்தை. அதில் இரண்டு "சாவி எங்கே". எண்ணுகிற புத்தி இப்போதுதான் வருகிறது பார்.

அவனைக் கூட்டிக்கொண்டு போனது சரிதான். உன் ஆஸ்பத்திரி டாக்டரே பார்க்கட்டும். விமான நிலையத்தில் அவன் இடது கையால் பையைத் தூக்கப் போனான், நான் வாங்கப் போனேன், "ஐ காட் இட்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் டிரைவரிடம் சொல்கிற மாதிரி சொன்னான்.

ஷோகேஸில் நடந்ததை உனக்குப் போனில் சொன்னேன், அழுகையில் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஐந்தாவது இன்னிங்ஸ், மூன்றாவது பந்து. பந்து பேட்ஸ்மேன் பக்கமே போகவில்லை. வேலியில் போய் இடித்தது. அவன் கத்தவில்லை. கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள்.

கைலை நம்பியது என் தப்பு. அந்த ஆளுக்கு நம் பிள்ளை ஒரு சட்டை நம்பர். விழுந்த அன்றைக்கு அடுத்த நாள் "ஹோப் ஜெஃப் ஃபீல்ஸ் பெட்டர்" என்று ஒரு மெசேஜ், அதோடு சரி.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். உன் ஆறாம் தேதிக் கடிதம் பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டது. சனிக்கிழமை மேட்சுக்குக் கிளம்பும்போது தபால் பெட்டியில் எடுத்தேன். காரில் உட்கார்ந்து முழுதும் வாசித்தேன். ஜெஃப்ரின் பக்கத்தில் ஷூ கட்டிக்கொண்டிருந்தான். "இஸ் தட் ஃப்ரம் அம்மா? வாட் டஸ் ஷி ஸே?" என்று கேட்டான்.

"அம்மா நல்லா விளையாடச் சொல்லுகா" என்றேன்.

அன்றைக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டான்.

ரூஃபஸ்


பிரிட்ஜ்வாட்டர்
3 நவம்பர்

அத்தான்,

புதன்கிழமை ஆபரேஷன் முடிந்தது. முழங்கை உள்பக்க லிகமெண்ட் முழுதாக அறுந்திருக்கிறது. மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநார்த் துண்டை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குப் பந்து கிடையாது. அதற்குப் பிறகும் முன்னே மாதிரி எறிவானா என்று கேட்டேன். டாக்டர் "லெட்ஸ் கெட் ஹிம் ரைட்டிங் ஃபர்ஸ்ட்" என்றார். முதலில் எழுதட்டும் என்றார், அத்தான். இப்போது இடது கையால் கரண்டி பிடிக்கிறான்.

இங்குள்ள பள்ளியில் சேர்த்துவிட்டேன். என் கான்ட்ராக்டையும் நீட்டிவிட்டேன்.

மயக்கம் தெளிகிறபோது கொஞ்சம் பேசினான். வலி ஆகஸ்டிலிருந்தே இருந்ததாம். ஜெபத்துக்கு அடுத்த வாரம் குறைந்ததாம். சாட்சி சொன்ன அன்றே, கையைத் தூக்கிக் காட்டினானே, அப்போதே வலித்ததாம். "வொய் டிட்ன்ட் யூ டெல் அஸ்?" என்றேன். "அப்பா டோல்ட் எவ்ரிபடி, அம்மா. பீப்பிள் வேர் க்ரையிங்" என்றான். ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் என் மேசை டிராயரிலிருந்து வலி மாத்திரை எடுத்து மூன்று மூன்றாகப் போட்டிருக்கிறான். என் டிராயர். பூட்டாமல் வந்தவள் நான். அதனால் எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போட நான் இதை எழுதவில்லை.

ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். கடைசி இன்னிங்ஸுக்கு முன்னால் கைல் உங்களிடம் வந்து ஏதோ கேட்டாராம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஆஸ்க் அப்பா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்று நாளாகக் கேட்கிறேன், அதே பதில்.

எழுதுங்கள். சிரிப்புக் காட்டாமல் எழுதுங்கள். அதை வாசித்த பிறகுதான் நாங்கள் எங்கே இருக்கப் போகிறோம் என்று யோசிப்பேன்.

லீலா


பேர்லேண்ட்
11 நவம்பர்

லீலா,

நேற்று சபையில் மைக்கைக் கேட்டு வாங்கினேன். சாட்சி என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள். "செப்டம்பர் மாசம் நான் சொன்னது உண்மை இல்லை, பையன் கைக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வலியை அவன் மறைத்தது நான் இங்கே நின்று பேசியதால்" என்றேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. ஆஷ்லி அக்கா தலையைக் குனிந்துகொண்டார்கள். சைலஸ் பாஸ்டர் தோளில் கை போட்டு, "பிரதர், இதுவும் ஒரு சோதனைதான்" என்றார்.

"சோதனை இல்ல பாஸ்டர், நான்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் அண்ணே என்று கூப்பிடவில்லை. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டு இது நான்காவது. கிழித்ததில் எல்லாம் எப்படியோ ஒரு ஜோக் வந்துவிட்டது.

நான்காவது இன்னிங்ஸ் முடிந்தது. க்ளிக்கரில் நாற்பத்தேழு. முந்தின நாள் தொண்ணூற்றிரண்டு என் தலையில் இருந்தது, க்ளிக்கரில் இல்லை. வேலிக்குப் பின்னால் கல்லூரி ஆட்கள் ஐந்து பேர், வேகம் பார்க்கிற ரேடாரை வைத்துக்கொண்டு. கைல் வேலி ஓரம் வந்தார். அந்த ஆளைப் போன கடிதத்தில் திட்டினேன், அது நியாயம் இல்லை. வந்து முறையாகத்தான் கேட்டார். "டேட், ஹி த்ரோ எஸ்டர்டே? ஹி குட் ஃபார் ஒன் மோர்?" நேற்று எறிந்தானா என்று கேட்டார், லீலா. நான் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பார்.

ஜெஃப்ரின் அவருக்குப் பின்னால் நின்றான். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். உதட்டுக்கு மேல் வியர்வை. சின்ன வயசில் ஊசி போடப் போனால் நர்ஸைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பான், நான் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்று. அதே பார்வை. தெரியவில்லை என்று நான் சொல்லவே முடியாது. நன்றாகத் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "ஹி இஸ் இண்டியன், கோச். எக்ஸ்ட்ரா ஹோம்வொர்க், நோ ப்ராப்ளம்" என்றேன். கைல் சிரித்தார். ரேடார் வைத்திருந்தவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அது நன்றாகவே இருந்தது. இங்கிலீஷில் நான் சொன்ன ஜோக்குக்கு இந்த ஊரில் மூன்று பேர் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவன் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனான்.

அவன் நடந்து போகிற தூரம் ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷமும் எனக்கு வாய் இருந்தது. அதற்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை, படிப்பு வேண்டியதில்லை, தமிழில் சொன்னாலே அவனுக்குப் புரியும், அங்கே அவன் ஒருவனுக்கு மட்டும்தான் புரியும். நாக்கு வரைக்கும் வந்தது, லீலா. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சொல்லவில்லை.

"போதும் மக்களே, வா, வீட்டுக்குப் போவோம்."